கறவை மாடுகளில் காச நோய்: தொழுவத்திற்குள் வராமல் காப்பது எப்படி?

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி, திருவேற்காடு வட்டாரங்களில் ஒரு தலைமுறைக்கு முன் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று வீட்டு மனைகளாகிவிட்டது. ஆயினும் கறவை மாடு வளர்ப்பு அடியோடு நின்றுவிடவில்லை. வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை போட்டு, மூன்று நான்கு கலப்பினப் பசுக்களைக் கட்டி, காலையும் மாலையும் பால் கறந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டதால், கன்றை வளர்த்துக் கிடேரியாக்கிப் பசுவாக்கும் வரை காத்திருக்கப் பலரால் முடிவதில்லை. பால் வற்றிய பசுவைக் கொடுத்துவிட்டு, தரகர் மூலமோ சந்தையிலோ ஈன்ற பசுவாகப் பார்த்து வாங்கி வருவதே வழக்கமாகிவிட்டது.

இவ்வாறு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மடியைத் தடவிப் பார்க்கிறோம். இரண்டு வேளை கறந்தும் பார்க்கிறோம். இவை எல்லாவற்றிலும் தேறிய மாட்டோடு கூடவே ஒரு நோயும் நம் தொழுவத்திற்கு வந்து சேரக்கூடும். அதுவே காச நோய். எலும்புருக்கி நோய் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். இந்நோய் வந்த மாடு உடனே படுத்துவிடுவதில்லை. மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில், நன்றாகத் தின்று நன்றாகக் கறந்துகொண்டே பக்கத்து மாட்டுக்கும் கன்றுக்கும் நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எப்போதாவது வீட்டு மனிதருக்கும் கொடுத்துவிடும். ஆகவே இந்நோயைத் தொழுவத்திற்குள் விடாமல் தடுப்பதே எளிது. உள்ளே வந்தபின் விரட்டுவது கடினம். இரண்டையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

நோய்க்குக் காரணம்

காச நோயை உண்டாக்குவது ஒருவகைப் பாக்டீரியாக் கிருமி. ஜெர்மானிய விஞ்ஞானி இராபர்ட் கோக் இதைக் கண்டுபிடித்து 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். இக்கிருமிக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. மனிதரைப் பெரும்பாலும் தாக்குவது 'டியூபர்குலோசிஸ்' என்ற இனம். மாடுகளைத் தாக்குவது 'போவிஸ்' என்ற இனம் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் 'ஒரைஜிஸ்' என்ற மற்றோர் இனமும் தென்னாசிய நாடுகளின் மாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. சென்னைப் பகுதி மாடு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரைஜிஸ் கிருமியின் முழு மரபணு வரிசையைச் சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2019-இல் வெளியிட்டனர். எந்த இனமாயினும் மாட்டில் நோய் நடந்துகொள்ளும் விதமும், நாம் செய்ய வேண்டிய தடுப்பும் ஏறத்தாழ ஒன்றே.

இந்தியாவில் இந்நோய் எவ்வளவு பரவியுள்ளது? நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடந்த 44 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 82,000-க்கும் மேற்பட்ட பசு, எருமைகளின் சோதனை முடிவுகள் அதில் அடங்கும். அதன்படி நூற்றுக்கு 7 மாடுகளுக்குச் சற்று அதிகமானவற்றில் நோய்த் தொற்று இருந்தது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் இது 2 கோடியைத் தாண்டுகிறது. நாட்டு மாடுகளைவிட அயல் இனக் கலப்புடைய மாடுகளில் இந்நோய் அதிகம் காணப்படுவது வழக்கம். வெளியில் மேயும் மாடுகளைவிட, அடைத்த கொட்டகையில் நெருக்கிக் கட்டிய மாடுகளுக்கு இது எளிதில் தொற்றும். நகரத்தை ஒட்டிய நம் பகுதியில் இவ்விரண்டு நிலைமைகளும் சேர்ந்தே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பரவும் விதம்

1. மூச்சுக் காற்று: நோயுள்ள மாடு இருமும்போதும் மூச்சு விடும்போதும் நுண்ணிய துளிகளில் கிருமிகள் வெளிவருகின்றன. அருகில் கட்டிய மாடு அவற்றை உள்ளிழுக்கிறது. வளர்ந்த மாடுகளுக்கு நோய் வருவது பெரும்பாலும் இவ்வழியில்தான். மழைக்கும் கொசுவுக்கும் பயந்து நாற்புறமும் அடைத்த கொட்டகையில் இது விரைவாக நடக்கும்.

2. பால்: நோய் மடியில் இறங்கிய பசுவின் பாலில் கிருமி வரும். நோயுள்ள எல்லாப் பசுக்களின் பாலிலும் கிருமி இருப்பதில்லை. ஆனால் எந்தப் பசுவின் பாலில் இருக்கிறது என்பதை நிறத்தையோ சுவையையோ கொண்டு சொல்ல முடியாது. கன்றுகளுக்கு நோய் வருவது பெரும்பாலும் பால் வழியாகவே.

3. தீவனமும் தண்ணீரும்: ஒரே தொட்டியில் தின்பதும், ஒரே வாளியில் கழுநீர் குடிப்பதும் நோயைக் கைமாற்றும். மாடு இருமிய சளியை விழுங்கிவிடுவதால் சாணத்திலும் கிருமி வெளிவரும். வெயில் படாத ஈரமான சாணத்தில் கிருமி மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். நல்ல வெயில் பட்டால் விரைவில் மடியும்.

4. மனிதர்: காச நோயுள்ள ஒருவர் மாடுகளைப் பராமரித்தால், அவரிடமிருந்தும் மாட்டுக்குத் தொற்றக்கூடும். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அறிகுறிகள்

தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. நோய் முற்றும்போது கீழ்க்கண்டவற்றுள் சில தோன்றலாம்.

மாடு அடிக்கடி, ஆனால் மெதுவாக இருமும். விடியற்காலைக் குளிரிலும், எழுந்து நடக்கத் தொடங்கும்போதும், தண்ணீர் குடித்தவுடனும் இருமல் மிகும். தீவனம் தின்றும் உடல் தேறாது. விலா எலும்புகள் தெரியும். மயிர் பளபளப்பை இழக்கும். காய்ச்சல் வரும், போகும். தாடைக்குக் கீழும், கழுத்திலும், தோள்பட்டைக்கு முன்பும் நெறி கட்டும். நெஞ்சுக்குள் நெறி பெருத்தால் உணவுக்குழல் நசுங்கி அடிக்கடி வயிறு உப்பும். மடியில் நோய் இறங்கினால் ஒரு காம்புப் பகுதி, பெரும்பாலும் பின்பகுதி, வலியில்லாமல் கல் போல் இறுகும். வழக்கமான மடிவீக்கத்தில் மடி சுடும். தொட்டால் மாடு உதைக்கும். காச நோயில் அவ்வாறு இராது. மடிவீக்க மருந்து போட்டும் இறுக்கம் குறையாவிடில் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"என் மாடு இருமவில்லை, பத்து லிட்டர் கறக்கிறது, அதற்கு ஏது காச நோய்?" என்று கேட்போர் உண்டு. அறிகுறி தெரியும் மாடுகள் நோயுள்ள மாடுகளில் சிறு பங்கே. மற்றவை பார்வைக்கு நல்ல மாடுகளே. எனவே கண்ணால் பார்த்து இந்நோயை விலக்க முடியாது. சோதனை ஒன்றே வழி.

டியூபர்குலின் சோதனை

1890-இல் இராபர்ட் கோக் தாம் கண்ட கிருமியிலிருந்து ஒரு சாற்றைத் தயாரித்து, அதைக் காச நோய்க்கு மருந்தென்று அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் நோயுள்ள மாட்டுக்கு அதைச் செலுத்தினால் ஒரு மாறுதல் உண்டாவதையும், நோயில்லாத மாட்டுக்கு ஒன்றும் ஆகாததையும் பின்னர் கண்டனர். அன்று தோற்ற மருந்துதான் இன்றும் உலகெங்கும் மாடுகளில் இந்நோயைக் கண்டறிய உதவும் டியூபர்குலின்.

இச்சோதனையைக் கால்நடை மருத்துவரே செய்வார். கழுத்துப் பகுதியில் மயிரைக் கத்தரித்து, தோலின் தடிப்பை அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்வார். பின்னர் 0.1 மி.லி. டியூபர்குலினைத் தோலுக்குள் செலுத்துவார். சரியாக 72 மணி நேரம் கழித்து, அதாவது மூன்றாம் நாள் அதே நேரத்தில், மீண்டும் வந்து அளப்பார். பொதுவாகத் தோலின் தடிப்பு 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் நோய்த் தொற்று உண்டு என்று கொள்ளப்படும். 2 மி.மீ.க்கு மேற்படாவிடில், வேறு வீக்கமும் வலியும் இல்லாதவரை, இல்லை என்று கொள்ளப்படும். இடைப்பட்டது ஐயத்திற்குரியது, அம்மாட்டைத் தனியே வைத்து இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு கிருமிகளாலும் சில மாடுகளில் வீக்கம் வருவதுண்டு. அந்த ஐயத்தைத் தீர்க்க, பறவைக் காச நோய்க் கிருமியின் டியூபர்குலினையும் பக்கத்திலேயே செலுத்தி, இரண்டு வீக்கங்களையும் ஒப்பிட்டு முடிவு சொல்வதும் உண்டு.

உழவர்கள் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, ஈன்று ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகாத பசுவில் இச்சோதனை நோயைக் காட்டாமல் போகலாம். சந்தையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இத்தகைய பசுவே. இரண்டாவது, அண்மையில் ஒருமுறை சோதித்த மாட்டை 60 நாள்களுக்குள் மறுபடி சோதித்தால் முடிவு தவறக்கூடும். மூன்றாவது, நோய் மிக முற்றிய மாட்டிலும் வீக்கம் வராமல் போகும். ஆகவே ஒரு தடவைச் சோதனையில் 'இல்லை' என்று வந்ததைக் கொண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

புதிய மாடு வாங்கும்போது

கூடியமட்டும் தெரிந்த வீட்டில், அந்தத் தொழுவத்தின் மற்ற மாடுகளையும் பார்த்து வாங்குங்கள். ஒரு மாடு மட்டும் நன்றாக இருந்து மற்றவை இளைத்து இருமிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வாங்க வேண்டாம். விற்பவர் இசைந்தால், முன்பணம் கொடுத்துவிட்டு அங்கேயே சோதனை செய்துகொள்வது மிக நல்லது. மூன்று நாள் பொறுத்தால் போதும்.

அது இயலாவிடில், வாங்கி வந்த மாட்டை நேரே தொழுவத்தில் கட்டாதீர்கள். மனையின் மறுகோடியில் மரத்தடியிலோ தனிச் சாய்ப்பிலோ கட்டுங்கள். தீவனக் கூடை, தண்ணீர் வாளி, கயிறு எல்லாம் தனியாக இருக்கட்டும். பழைய மாடுகளைக் கறந்து முடித்தபின் கடைசியாக இதைக் கறந்து, கை கால்களைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வந்த வாரத்திலேயே முதல் சோதனையும், 60 நாள் கழித்து இரண்டாவது சோதனையும் செய்யுங்கள். இரண்டிலும் தேறிய பிறகே மற்ற மாடுகளோடு சேர்க்க வேண்டும். கருச்சிதைவு நோய்க்கான இரத்தச் சோதனையையும் இக்காலத்திலேயே செய்துகொண்டால், ஒரே காத்திருப்பில் இரண்டு நோய்களையும் வாசலிலேயே நிறுத்தலாம்.

இடமில்லையே என்பது மாங்காடு போன்ற ஊர்களில் நியாயமான குறைதான். இடம் குறைவாக இருந்தாலும் சில அடி இடைவெளி, காற்றோட்டம், தனித் தொட்டி ஆகிய மூன்றும் நெருக்கிக் கட்டுவதைவிடப் பன்மடங்கு மேல்.

தொழுவத்தில் நோய் தெரிந்தால்

மாட்டுக் காச நோய்க்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது நடைமுறையில் இல்லை. பல மாதங்கள் மருந்து கொடுத்தாலும் நோய் அடங்கியதுபோல் காட்டிப் பின் தலைதூக்கும். மருந்து பாலிலும் கலக்கும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகும். மனிதருக்குத் தரும் காச நோய் மாத்திரைகளை மாட்டுக்குக் கொடுப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

மேல்நாடுகளில் சோதனையில் தவறிய மாட்டைக் கொன்று, உரியவருக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். அமெரிக்காவில் இத்திட்டம் 1917-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியா இவ்வழியில் பாடுபட்டு 1997-இல் இந்நோயிலிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தது. நம் நாட்டில் அவ்வாறு ஈட்டுத்தொகை தந்து மாடுகளை நீக்கும் திட்டம் இந்நோய்க்கு இல்லை. எனவே வேறு வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அந்த வழியையும் ஒருவர் முன்பே காட்டியிருக்கிறார். டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவ அறிஞர் பெர்ன்ஹார்ட் பேங் 1892 முதல் ஒரு பண்ணையில் இதைச் செய்து காட்டினார். மாடுகளைக் கொல்லாமல் சோதித்து இரண்டு பகுதியாகப் பிரித்தார். நோயுள்ள பசுக்களின் கன்றுகளைப் பிறந்தவுடன் நல்ல பகுதிக்கு மாற்றினார். அவற்றுக்குச் சூடேற்றிய பாலையோ நல்ல பசுவின் பாலையோ கொடுத்து வளர்த்தார். சில ஆண்டுகளில் நோயற்ற இளம் மாடுகள் பெருகின. நோயுள்ள கிழட்டு மாடுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. ஈட்டுத்தொகை இல்லாத உழவரின் கைக்கு எட்டும் முறை இது.

இதை நம் தொழுவத்தில் செய்வது எப்படி? ஒருவரிடம் நான்கு பசுக்கள் உள்ளன. சோதனையில் ஒன்று தவறியது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, அந்தப் பசுவை அன்றே தனியே கட்டுவது. காற்று வீசும் திசையைப் பார்த்து, அதன் மூச்சு மற்றவற்றின் மேல் படாத பக்கத்தில் கட்ட வேண்டும். அதன் சாணத்தைத் தனிக் குழியில் போட்டு மூடி, குறைந்தது ஆறு மாதம் மக்கிய பிறகே எருவாக்க வேண்டும். மாடு மேயும் நிலத்திற்கு அதை இடக் கூடாது. பசுந்தீவன நிலத்திற்கும் வேண்டாம்.

இரண்டாவது, பழைய கொட்டகையைச் சுத்தம் செய்வது. தரையிலும் தொட்டியிலும் ஒட்டிய சாணத்தையும் அழுக்கையும் சுரண்டி எடுத்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். சாணம் ஒட்டியிருந்தால் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. பின்னர் நூற்றுக்கு 5 பங்கு பீனால் கலந்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, காய்ந்தபின் கழுவ வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்லதே. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு பக்கச் சுவரையாவது இடுப்பளவுக்குக் குறைத்துக் காற்றும் வெயிலும் உள்ளே வரச் செய்தால், அதுவே நாள்தோறும் செலவில்லாமல் வேலை செய்யும் கிருமிநாசினி.

மூன்றாவது, மீதி மூன்று பசுக்களையும் 60 நாளுக்கு ஒருமுறை சோதிப்பது. அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் எல்லாம் தேறினால் தொழுவம் நோயின் பிடியிலிருந்து விடுபட்டதாகக் கருதலாம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும்.

நான்காவது, நோய்ப் பசு ஈனும் கன்றைத் தாயின் மடியில் ஊட்டவிடாமல் உடனே பிரித்துவிட வேண்டும். ஆனால் சீம்பால் இல்லாமல் கன்று பிழைக்காது. நல்ல பசு ஏதாவது அதே சமயத்தில் ஈன்றிருந்தால் அதன் சீம்பாலைப் பிறந்த சில மணி நேரத்திற்குள் புகட்ட வேண்டும். சங்கத்தில் உள்ளவர்கள் நல்ல பசுவின் சீம்பாலைப் புட்டியில் அடைத்து உறைநிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டால், இத்தகைய வேளையில் ஒருவருக்கொருவர் உதவலாம். அதை இளஞ்சூட்டு நீரில் வைத்து உருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் அதன் காக்கும் சத்து கெட்டுவிடும். அதன் பிறகு காய்ச்சி ஆறவைத்த பாலைக் கொடுத்து வளர்க்கலாம். அக்கிடேரிதான் உங்கள் எதிர்கால நல்ல மாடு.

நோய்ப் பசுவின் பாலை என்ன செய்வது? மடியில் இறுக்கமோ கட்டியோ இருந்தால் அப்பாலில் கிருமிநாசினி கலந்து குழியில் ஊற்றிவிட வேண்டும். மடி நன்றாக இருப்பினும் அப்பாலை விற்பனைக்கு ஊற்றக் கூடாது. மற்றப் பசுக்களின் பாலோடு கலக்கவும் கூடாது. நன்கு கொதிக்க வைத்துக் கன்றுகளுக்குப் பயன்படுத்தலாம். இதனால் வருமானம் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பசுவை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எவ்வாறு கழிப்பது என்பதைக் கால்நடை மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். அது இறந்தால் தோலை உரிக்காமல், ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

விற்றுவிடலாமா?

சோதனை முடிவைக் கேட்டதும் பலர் மனத்தில் எழும் எண்ணம் இதுவே. கடன் வாங்கி வாங்கிய பசு. இன்னும் தவணை முடியவில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. அடுத்த சந்தையில் தள்ளிவிட்டால் பணமாவது தேறும். இந்த எண்ணத்தின் பின்னாலுள்ள வருத்தம் உண்மையானது. அதை யாரும் லேசாகப் பேசிவிட முடியாது.

ஆனால் அந்தப் பசு எங்கே போகும்? நம்மைப் போலவே மூன்று மாடு வைத்திருக்கும் இன்னொருவரின் தொழுவத்திற்குத்தான் போகும். அவரும் கடன் வாங்கித்தான் அதை வாங்குவார். ஓர் ஆண்டில் அவருடைய மூன்று மாடுகளுக்கும் நோய் தொற்றலாம். அவற்றுள் ஒன்று வற்றியதும் அவரும் சந்தைக்குக் கொண்டுவருவார். அதை நாமே வாங்கினாலும் வியப்பில்லை! நம் தொழுவத்திற்கு நோய் வந்ததும் இவ்வாறு யாரோ ஒருவர் தள்ளிவிட்டதால்தான். இந்தச் சுற்று ஓர் இடத்தில் நின்றால்தான் நோய் நிற்கும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் மாட்டுக் காச நோயும் இடம்பெற்றுள்ளது. நோய் இருப்பதாகத் தெரிந்தால் தெரிவிப்பதும், அம்மாட்டைத் தனியே பிரித்து வைப்பதும் உரிமையாளரின் கடமைகள்.

தடுப்பூசி உண்டா?

குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியை மாட்டுக்குப் போடலாமே என்று கேட்கலாம். நம் வட்டாரத்துப் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்: 1968 முதல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இலட்சக்கணக்கான மக்களுக்கு பி.சி.ஜி. ஊசி போட்டுப் பெரியதோர் ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காச நோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காச நோயைத் தடுக்கவே இன்றும் அதைப் போடுகிறோம்.

மாடுகளில் செய்தி சற்று நம்பிக்கை தருகிறது. எத்தியோப்பியாவில் நடந்த ஆய்வில், கன்றிலேயே பி.சி.ஜி. போட்ட மாடுகள் இருந்த மந்தையில் நோய் பரவுவது நூற்றுக்கு 89 பங்கு குறைந்ததாக 2024-இல் வெளியாயிற்று. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பி.சி.ஜி. போட்ட மாடு டியூபர்குலின் சோதனையிலும் வீக்கம் காட்டும். ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதைப் பிரித்துக் காட்டும் புதிய தோல் சோதனைகள் உருவாக்கப்பட்டுள்ளன. இவை உழவர் வீட்டு மாட்டுக்கு நடைமுறையாக வரும் வரை, பிரித்துக் கட்டுவதும் சோதிப்பதுமே நமக்குத் தடுப்பூசி. பி.சி.ஜி.யைத் தாமாகவே மாட்டுக்குப் போட முயல வேண்டாம்.

வீட்டாரின் உடல்நலம்

மாட்டுக் காச நோய் மனிதருக்கு வராது என்று கோக் 1901-இல் கூறினார். அது தவறென்பதைப் பத்தாண்டு ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுக் குழு 1911-இல் உறுதி செய்தது. அதே சமயம் வீண் அச்சமும் வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் எடுத்த 940 மாதிரிகளை ஆராய்ந்ததில் 7 மாதிரிகளில் ஒரைஜிஸ் இருந்தது. போவிஸ் ஒன்றிலும் இல்லை. மனிதருக்குக் காச நோய் வருவது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே. மாட்டிலிருந்து வருவது குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை.

பாலைக் காய்ச்சிக் குடிப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் நல்ல வழக்கம். அதுவே பெரிய காவல். 63 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 வினாடியோ வைத்தால் இக்கிருமி இறந்துவிடும். பொங்கக் காய்ச்சினால் ஐயமே இல்லை. ஆனால் கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குடிப்பது உடலுக்கு வலு என்று குழந்தைகளுக்குக் கொடுப்போர் இன்னும் சிலர் உள்ளனர். பச்சைப் பாலில் மோர் ஊற்றித் தயிராக்குவதும் உண்டு. இவை இரண்டையும் அடியோடு விட்டுவிட வேண்டும். பால் வாங்கும் வீட்டாருக்கும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்.

தொழுவத்தில் நோய் தெரிந்தால், மாட்டோடு பழகும் அனைவரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடைக் குறைவோ, கழுத்தில் நெறிக்கட்டோ இருந்தால் தாமதிக்கவே கூடாது. வீட்டில் மாட்டுக்கு நோய் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாட்டிலிருந்து வரும் போவிஸ் இனக் கிருமிக்கு, வழக்கமாகத் தரும் மருந்துகளுள் ஒன்றான பைரசினமைடு வேலை செய்யாது. மனிதருக்குச் சோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். முறையாக உண்டால் முற்றும் குணமாகும். குணமாகும் வரை அவர் மாடு கறக்காமலும் கன்றுக்குப் புகட்டாமலும் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பத்துப் பேர் சேர்ந்தால்

டியூபர்குலின் மருந்து எல்லா மருந்தகங்களிலும் எப்போதும் கைவசம் இராது. ஒரு மாட்டுக்காக மருத்துவரை இரண்டு முறை வரவழைப்பதும் எளிதன்று. ஆதலால் ஒரே தெருவிலோ ஒரே பால் சங்கத்திலோ உள்ள பத்துப் பேர் சேர்ந்து, தங்கள் மாடுகளின் எண்ணிக்கையை எழுதி, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்தால் ஒரே நாளில் எல்லா மாடுகளுக்கும் சோதனையை ஏற்பாடு செய்யக் கேட்கலாம். ஏரிக்கரையிலும் காலி மனைகளிலும் மாடுகள் ஒன்றாக மேயும் ஊரில், ஒருவர் மட்டும் சோதித்துப் பயனில்லை. தவறிய மாட்டின் உரிமையாளரை ஒதுக்காமல், கன்றுக்குச் சீம்பால் கொடுத்தும், அடுத்த மாடு வாங்க உதவியும் சங்கத்தார் துணை நின்றால், அவரும் நோயை மறைக்க மாட்டார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பார்வைக்கு நல்ல மாடும் காச நோயைச் சுமந்திருக்கலாம். சோதனையே சான்று.

2. புதிய மாட்டைத் தனியே கட்டி, 60 நாள் இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பின்பே தொழுவத்தில் சேர்க்கவும்.

3. நோய் தெரிந்த மாட்டைப் பிரித்துக் கட்டவும். அதன் கன்றைப் பிறந்தவுடன் பிரித்து வளர்க்கவும்.

4. கொட்டகையில் காற்றும் வெயிலும் நுழையட்டும்.

5. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

6. நோய் மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டாம்.

அடுத்த முறை மாடு வாங்கப் புறப்படும் முன், அதைக் கட்டுவதற்குத் தனி இடம் ஒன்றைத் தயார் செய்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு முளையும், ஒரு தொட்டியும், ஒரு வாளியும் போதும். அந்தச் சிறு செலவு தொழுவத்தில் உள்ள மற்ற மாடுகளைக் காக்கும். கறவை மாடு வளர்ப்போர் இம்முறையைக் கடைப்பிடித்துப் பயன்பெறுவார்களாக.